வண்டியை உயர்த்துமுன் எண்ண வேண்டியவை

(தோட்டத் தொழிலாளர்களிடமும் இளைஞர்களிடமும் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். பிள்ளைகளின் கல்வி, சேமிப்பு, உடல்நலம் ஆகியவை பற்றியே பெரும்பாலும் உங்களிடம் பேசி வந்துள்ளோம். இன்றோ, நான்கு சக்கர இயக்க வண்டியின் முன்புற வில்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதற்குக் காரணம் உண்டு.

விடியற்காலையில் பெரட்டு முடிந்ததும் தொலைவிலுள்ள வெட்டுக்குத் தொழிலாளர்களைக் கொண்டு சேர்ப்பது இவ்வண்டியே. மழை பெய்து செம்மண் சாலை சேறான நாளில் பாலை ஏற்றி வருவதும் இதுவே. நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பேறுகால வலி கண்டால், பட்டணத்து மருத்துவமனைக்கு ஓடுவதும் பல வேளைகளில் இதுவே. ஆதலின் அதன் முன் சக்கரங்கள் நிலை தவறுமாயின், ஆபத்துக்கு உள்ளாவது ஓட்டுநர் ஒருவர் மட்டும் அன்று. பின்னால் அமர்ந்திருக்கும் பத்துப் பேரின் குடும்பங்களும் ஆகும்.

இரண்டாவது காரணம் பணம் பற்றியது. தோட்டத்து இளைஞர் சிலர் பழைய லேண்ட்ரோவரையோ பிக்அப் வண்டியையோ வாங்கி, அதனை உயர்த்தி, பெரிய டயர் மாட்டி ஓட்ட ஆவல் கொள்கின்றனர். 1997-ஆம் ஆண்டு நம் நாட்டில் தொடங்கிய மழைக்காட்டு வண்டிப் போட்டி இவ்வாவலை வளர்த்தது எனலாம். ஆவல் தவறன்று. பொருளின் அருமையறிந்து, கற்று, தம் கையாலேயே பழுது பார்க்கும் இளைஞர் பாராட்டத்தக்கவர். எனினும், பல மாத உழைப்பின் ஊதியத்தை முறையறியாது செலவிட்டு, நன்றாக ஓடிய வண்டியை ஆபத்தான வண்டியாக ஆக்கிக்கொள்வது இரட்டை இழப்பாகும். வண்டியை உயர்த்த வில் மட்டும் போதாது; உயர்த்திய ஒவ்வோர் அங்குலத்திற்கும் முன்புறத்தில் ஈடு செய்தாக வேண்டும் என்பதே இன்று நாம் கூற விரும்பும் செய்தி.

முன்புற அமைப்பு

எடுத்துக்காட்டாகத் தோட்டங்களுக்கு நன்கு அறிமுகமான லேண்ட்ரோவரையே கொள்வோம். இவ்வண்டி 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. அந்நாளில் முன்னும் பின்னும் பட்டை வில்களே இருந்தன. 1983-இல் வெளிவந்த நீண்ட வகையிலும், 1984-இல் வெளிவந்த குட்டை வகையிலும் சுருள் வில்கள் இடம்பெற்றன. 1990-இல் இவ்வகைக்கு டிஃபெண்டர் என்னும் பெயர் சூட்டப்பட்டது. அப்பழைய அமைப்பின் உற்பத்தி 2016-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் நின்றுவிட்டது. ஆயினும் அவ்வண்டிகள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சுருள் வில் கொண்ட இவ்வண்டியின் முன்புறத்தில் நான்கு உறுப்புகளை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். முதலாவது, இரு சக்கரங்களையும் இணைக்கும் முழு அச்சு. இரண்டாவது, எடையைத் தாங்கும் சுருள் வில்களும், அவற்றின் துள்ளலை அடக்கும் அப்சார்பர்களும். மூன்றாவது, அச்சிலிருந்து பின்னோக்கிச் சென்று சட்டத்தில் பொருந்தும் இரு நீண்ட கைகள். அச்சு முன்னும் பின்னும் நகராமல் இவை பிடித்துக்கொள்கின்றன. நான்காவது, அச்சு இடமோ வலமோ நகராமல் தடுக்கும் குறுக்குத் தண்டு. பட்டறைக்காரர் இதனைப் பான்ஹார்ட் தண்டு என்பர். இந்நான்கும் ஒரு குறிப்பிட்ட உயரத்திற்கெனக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. உயரத்தை மாற்றினால் இவையனைத்தின் கணக்கும் மாறும்.

உயர்த்துவதால் கிடைப்பதும் கிடைக்காததும்

வண்டியை ஏன் உயர்த்துகிறோம்? அடிப்பாகம் மண்ணில் இடிக்கிறது என்பதே பலரும் கூறும் விடை. ஆனால் எந்த அடிப்பாகம் இடிக்கிறது என்று கேட்டறிதல் வேண்டும்.

முழு அச்சு கொண்ட வண்டியில் மிகத் தாழ்ந்து நிற்பது, அச்சின் நடுவே குடம்போல் பருத்துத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஆகும். அச்சு டயரின் மேல் நிற்கிறது. வில்லோ அச்சின் மேல் நிற்கிறது. ஆதலின் 50 மில்லிமீட்டர் உயரமான வில்லைப் பொருத்தினாலும், அக்குடம் மண்ணிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. உயர்வன சட்டமும் உடலும் மட்டுமே. குடத்தை உயர்த்த வேண்டுமாயின் டயர் பெரிதாக வேண்டும். அதிலும் டயரின் குறுக்களவு 50 மில்லிமீட்டர் கூடினால், குடம் உயர்வது அதில் பாதியாகிய 25 மில்லிமீட்டர்தான்.

லாரித் தடங்களுக்கு நடுவிலுள்ள மண்மேட்டில் குடம் தட்டி நிற்கும் வண்டிக்கு உயர்ந்த வில் மருந்தன்று என்பது இதனால் விளங்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன் தடுப்போ, நடுச் சட்டமோ இடிக்கும் வண்டிக்கும், பெரிய டயர் சக்கரக் கூண்டில் உரசும் வண்டிக்குமே அது பயன்படும். பல வேளைகளில் நல்ல டயரும், சேற்றுக்கேற்ற காற்றழுத்தமும், தடம் பார்த்து ஓட்டும் திறமையும் வில்லின்றியே வழியைக் கடத்திவிடும். முதலில் தேவையை அறிக. பிறகு பணத்தை எடுக்க.

மிதிவண்டி கற்பிக்கும் பாடம்

நம் மிதிவண்டியை ஒருமுறை உற்று நோக்குங்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை செங்குத்தாக நிற்பதில்லை. அதன் மேல்முனை ஓட்டுபவரை நோக்கிப் பின்னே சாய்ந்திருக்கிறது. நேராக ஓடும் மிதிவண்டி கைப்பிடியைச் சற்றுத் தளர்த்தினாலும் நேராகவே செல்வதற்கு இச்சாய்வு துணை செய்கிறது. மோட்டார் வண்டியின் முன் சக்கரம் திரும்பும் அச்சுக்கோடும் இவ்வாறே பின்னே சாய்ந்திருக்கும். இதனைக் கேஸ்டர் கோணம் என்பர். டிஃபெண்டர் வண்டியில் இது 3 பாகை அளவினது.

வண்டியை வில்லால் உயர்த்தும்போது சட்டம் மேலெழுகிறது. சட்டத்தில் பொருந்திய நீண்ட கைகளின் பின்முனைகளும் மேலெழுகின்றன. அதனால் அச்சு முழுவதும் முன்னோக்கிச் சிறிது உருள்கிறது; பின்னே சாய்ந்திருந்த கோணம் குறைகிறது. 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஏறத்தாழ 2 முதல் 3 பாகை குறையும். இருந்ததே 3 பாகை எனின், எஞ்சுவது என்ன என்று எண்ணிப் பாருங்கள்!

இத்தகைய வண்டியில் வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானே நேர்நிலைக்குத் திரும்பாது. நெடுஞ்சாலையில் வண்டி இப்பக்கமும் அப்பக்கமும் அலையும். ஓட்டுநர் கணந்தோறும் திருத்திக்கொண்டே செல்ல நேரிடும். களைத்த ஓட்டுநர் ஒருநாள் திருத்தத் தவறுவார். ‘தம்பி, நேற்றுவரை நேராகப் போன வண்டி இன்று ஏன் இப்படி ஆடுகிறது?’ என்று பின்னால் அமர்ந்த அம்மாள் ஒருவர் கேட்பாராயின், ‘புது வில் அக்கா, போகப் போகச் சரியாகிவிடும்’ என்று கூறிவிடலாகாது. ஓடுவதால் அக்கோணம் தானே சரியாவதில்லை.

இதற்கு மாற்று உண்டு. துளை நடுவில் அமையாமல் ஒருபுறம் தள்ளி அமைந்த புஷ்களைக் கைகளில் பொருத்தலாம். இது செலவு குறைந்தது. ஆனால் ஒருபுறத்தில் ரப்பர் மெலிதாக இருப்பதால் விரைவில் தேயும். கோணத்தைத் திருத்தி வார்க்கப்பட்ட புதிய கைகளைப் பொருத்துவது செலவு மிக்கது. ஆயினும் நீடித்து உழைக்கும். இங்கும் ஓர் எச்சரிக்கை. அச்சைப் பின்னோக்கி உருட்டிக் கோணத்தைத் திருத்தும்போது, டிஃபரன்ஷியலின் மூக்கு கீழ்நோக்கித் தாழும். அதனால் முன் புரொபெல்லர் தண்டின் மூட்டு மிகுதியாக மடியும். இவ்வண்டியில் முன் தண்டு எந்நேரமும் சுழல்வதாதலின், அதிர்வும் தேய்வும் உண்டாகும். 50 மில்லிமீட்டர் அளவோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை என்று நாம் கூறுவது இதனாலேயே.

குறுக்குத் தண்டும் நடுக்கமும்

குறுக்குத் தண்டின் ஒரு முனை சட்டத்திலும் மறுமுனை அச்சிலும் பொருந்தியுள்ளது. சட்டம் உயர்ந்தால் தண்டு சாயும். சாய்ந்தால் அச்சைச் சில மில்லிமீட்டர் ஒருபக்கம் இழுக்கும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க தண்டைப் பொருத்தி இதனைச் சரிசெய்யலாம். குறுக்குத் தண்டும், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்திற்குச் செல்லும் இழுதண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் தாழ்த்தி மற்றதை விட்டுவிட்டால், குழியில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானே திரும்பும்.

உயர்த்திய வண்டிகளில் அஞ்சத்தக்கது முன் சக்கர நடுக்கம் ஆகும். ஓரளவு வேகத்தில் செல்லும்போது குழி ஒன்றில் இடித்ததும், முன் சக்கரங்கள் இரண்டும் காய்ச்சல் கண்டவன் கைபோல் உதறத் தொடங்கும். ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே இயலாது. அந்நேரத்தில் திடீரெனத் திருப்பாமல், உறுதியாகப் பிடித்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து ஓரமாக நிறுத்துதல் வேண்டும்.

சிலர் உடனே புதிய ஸ்டீயரிங் டாம்பர் ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டு நோய் தீர்ந்ததென்று மகிழ்வர். டாம்பர் நடுக்கத்தை மறைக்குமேயன்றி நீக்காது. தேய்ந்த குறுக்குத் தண்டுப் புஷ், தளர்ந்த பந்து மூட்டு, தளர்ந்த சக்கரத் திருப்பு பேரிங், சமன் செய்யப்படாத டயர், குறைந்துபோன கேஸ்டர் கோணம் ஆகியவையே உண்மைக் காரணங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் களைதல் வேண்டும்.

குட்டையான குழாயும் குட்டையான அப்சார்பரும்

நீண்ட வில்லைப் பொருத்தி, பழைய அப்சார்பரை விட்டுவைப்பவர் உண்டு. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வில் இன்னும் விரியும். அப்சார்பரோ முழு நீளத்தை எட்டி நின்றுவிடும். அச்சின் எடை முழுவதும் அதன் முனைப் போல்ட்டில் தொங்கும். நாளடைவில் அம்முனை அறுந்து போகும்.

இதனினும் கொடியது பிரேக் குழாய். சட்டத்திலிருந்து சக்கரத்திற்குச் செல்லும் வளையும் குழாய் பழைய உயரத்திற்கெனவே வெட்டப்பட்டது. சக்கரம் தொங்கும்போது அது விறைத்து இழுபடும். இழுபட்டு வெடித்தால், மலைச்சரிவில் பிரேக் மிதியை அழுத்தும் கால் வெறுமையைத்தான் அழுத்தும். நீளமான தரமான குழாய்க்கு ஆகும் செலவு, வில்லுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளத்தக்க பொருள் அன்று இது.

இதனைச் சோதிக்கும் முறை எளிது. கெட்டியான சமதரையில் சட்டத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, இருபுறமும் சக்கரம் முழுதும் தொங்குமாறு செய்க. பிரேக் குழாய் தளர்ந்துள்ளதா, அப்சார்பரில் இன்னும் நீளும் இடம் உள்ளதா, வில் தன் இருக்கையில் நிற்கிறதா என்று பார்க்க. ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதும் திருப்பி மீண்டும் பார்க்க. ஜேக் ஒன்றையே நம்பி வண்டிக்கடியில் நுழைதல் கூடாது. அழுத்தப்பட்ட சுருள் வில்லைத் தகுந்த கருவியின்றிக் கழற்றுதலும் கூடாது. அது தெறித்தால் உயிரையே பறிக்கும்.

உங்கள் கைப் பால் அங்கே இருக்கிறது

இவ்விடத்தில் உங்களுக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றைக் கூற விரும்புகிறோம். முன்புறக் கைகளிலும் குறுக்குத் தண்டிலும் உள்ள புஷ்களுக்கு இயற்கை ரப்பர் மிகவும் ஏற்ற பொருள் எனக் கருதப்படுகிறது. பல இலட்சம் முறை முறுக்கினாலும் எளிதில் விரிசல் காணாமல் பழைய நிலைக்குத் திரும்பும் இயல்பு அதற்கு உண்டு. நீங்கள் அதிகாலையில் மரத்தில் வெட்டி எடுக்கும் பால், உலகெங்கும் வண்டிகளின் அடியில் இவ்வாறு உழைத்துக்கொண்டிருக்கிறது.

அத்தகைய ரப்பருக்குப் பகை எண்ணெய் ஆகும். டீசலோ, எஞ்சின் எண்ணெயோ, கிரீஸோ பட்டால் இயற்கை ரப்பர் உப்பி, மென்மையாகிக் கெடும். ஆதலின் எண்ணெய் ஒழுகும் வண்டியில் புதுப் புஷ் போடுமுன் ஒழுக்கை நிறுத்துங்கள். மேலும், ரப்பர் புஷ்களின் போல்ட்களை வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே இறுதியாக இறுக்குதல் வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். கடினமான பிளாஸ்டிக் வகைப் புஷ்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை எண்ணெயைத் தாங்கும். எனினும், மேடு பள்ளத்தில் அச்சு தாராளமாகத் திருகி இடங்கொடுக்க ரப்பரே சிறந்தது.

பிக்அப் வண்டிகள்

இன்றைய பிக்அப் வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்புறம் முழு அச்சு இல்லை. ஒவ்வொரு சக்கரமும் மேல்கை, கீழ்கை ஆகிய இரண்டைக் கொண்டு தனித்தனியே இயங்குகிறது. பழைய வகைகள் சிலவற்றில் முறுக்குத் தண்டும், புதிய வகைகளில் சுருள் வில்லும் எடையைத் தாங்குகின்றன. முறுக்குத் தண்டின் திருகாணியை இறுக்கினால் வண்டி செலவின்றி உயரும் என்று சிலர் அவ்வாறு செய்வர். உயர்வது உண்மையே. ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கிருந்த இடத்தைத்தான் அவர் செலவழித்துவிட்டார். குழியில் மேல்கை தன் தடுப்பில் சென்று மோதும். சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு மிகுதியாக மடிந்து, அதன் ரப்பர் உறை கிழியும். கிழிந்த வழியே சேறு புகுந்தால் மூட்டே வீணாகும். இவ்வகை வண்டியை உயர்த்துபவர் அதற்கேற்ற மேல்கைகளைப் பொருத்தி, சக்கரக் கோணங்களைக் கருவி கொண்டு திருத்துதல் இன்றியமையாதது.

உயரமும் கவிழ்ச்சியும்

தலையில் குடம் சுமப்பவர் எளிதில் தடுமாறுவார். அதே குடத்தை இடுப்பில் வைத்தவர் அவ்வளவு தடுமாறார். வண்டிக்கும் இதுவே நியதி. இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடையே 1,500 மில்லிமீட்டர் அகலமும், எடை மையம் 700 மில்லிமீட்டர் உயரத்திலும் உள்ள வண்டி ஒன்றைக் கொள்வோம். அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் 1.07 வரும். எடை மையம் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் அது 1.00 ஆகும், 100 மில்லிமீட்டர் உயர்ந்தால் 0.94 ஆகும். இவ்வெண் குறையக் குறையக் கவிழும் வாய்ப்பு மிகும். இது காகிதக் கணக்கு மட்டுமே. வளைவில் உடல் சாய்வதாலும், பின்னால் ஆட்கள் நிற்பதாலும் நடைமுறையில் வண்டி இன்னும் முன்னதாகவே கவிழக்கூடும்.

பெரிய டயரால் மற்றொரு மயக்கமும் உண்டு. டயரின் குறுக்களவு 750-லிருந்து 800 மில்லிமீட்டராக உயர்ந்தால், வேகமானி 60 கிலோமீட்டர் எனக் காட்டும்போது உண்மை வேகம் 64 ஆகும்.

செலவின் வரிசை

ஆகவே, உயர்த்தியே தீர வேண்டும் என முடிவு செய்தவர்க்கு நாம் கூறும் வரிசை இது. முதலாவதாக, இருக்கும் பழுதுகளை நீக்குக: புஷ், பந்து மூட்டு, பேரிங், டயர்ச் சமன். இரண்டாவதாக, நீண்ட பிரேக் குழாய். மூன்றாவதாக, உரிய நீளமுள்ள அப்சார்பர். நான்காவதாக, வண்டி நாள்தோறும் சுமக்கும் எடைக்கேற்ற வில். முன்புறத்தில் வின்ச்சும் இரும்புத் தடுப்பும் இருப்பின் அவற்றின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுக. ஐந்தாவதாக, கேஸ்டர் கோணத் திருத்தமும் குறுக்குத் தண்டும். ஆறாவதாக, சக்கரக் கோணச் சோதனை. இவ்வாறில் ஒன்றுக்குப் பணம் போதவில்லையெனில், வில்லையே ஒத்திப்போடுங்கள். முதல் மூன்றையும் செய்து உயர்த்தாமல் விட்ட வண்டி பாதுகாப்பான வண்டி. வில் மட்டும் போட்ட வண்டி பார்வைக்கு மட்டுமே கம்பீரமானது.

சட்டமும் உரிமையும்

வண்டியின் அமைப்பை மாற்றுவது நம் விருப்பத்திற்கு மட்டும் உட்பட்டதன்று. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் உள்ளது. வண்டிகளின் கட்டமைப்பைப் பற்றி 1959-ஆம் ஆண்டின் விதிகளும் உள்ளன. ஆதலின் வேலையைத் தொடங்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகத்தில் கேட்டு, வேண்டிய அனுமதியை எழுத்து மூலம் பெறுங்கள். காப்புறுதி நிறுவனத்திற்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பின் இழப்பீட்டுக்குத் தடையாகலாம்.

இனி, ஓட்டாமல் பின்னால் அமர்ந்து செல்லும் பெருமக்களுக்கு ஒரு சொல். வண்டியை உயர்த்தியவர் உங்களைக் கேட்டு உயர்த்தவில்லை. ஆயினும் அதன் பயனை முதலில் அனுபவிப்பவர் நீங்களே. வேலையிடத்தில் உங்கள் பாதுகாப்பைப் பேணுவது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. 2022-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 2024-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. வேலையிடத்தில் உடனடி ஆபத்து உள்ளது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்கத் தவறினால், அவ்வாபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்பதை அத்திருத்தம் உறுதி செய்துள்ளது.

ஆதலின், வேலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி ஒருபுறம் இழுத்தாலோ, முன் சக்கரம் உதறினாலோ, பிரேக் மிதி தாழ்ந்தாலோ, வாய்மூடி இருக்க வேண்டாம். ஓட்டுநரிடம் கூறுங்கள், மண்டோரிடமும் நிர்வாகத்திடமும் கூறுங்கள், தொழிற்சங்கப் பிரதிநிதியிடமும் தெரிவியுங்கள். அது குறை கூறுதல் ஆகாது. கூட வருபவரின் உயிரைக் காத்தலாகும்.

இளைஞர்களே, வண்டி மீது நீங்கள் கொண்டுள்ள அன்பை நாம் மதிக்கிறோம். ஒரு ஸ்பேனரைப் பிடிக்கக் கற்ற கை நாளை ஒரு பட்டறையை நடத்தும் கையாகவும் ஆகலாம். அக்கை முதலில் தொட வேண்டியது மின்னும் புது வில்லை அன்று. சேறு படிந்த பிரேக் குழாயையும் தேய்ந்த புஷ்ஷையும் என்று கூறி, அமைகிறோம்.